பெட்ரோல் குறைந்தால் சாலைக்குப் பணம் எங்கிருந்து வரும்?



பெட்ரோல் பங்க்கில் நாம் கொடுக்கும் காசில் கணிசமான பங்கு வரி என்று அலுத்துக்கொள்ளாதவர் கிடையாது. அந்த வரியில் ஒரு பகுதிதான் நாம் ஓட்டும் சாலையைப் போடுகிறது என்பது மட்டும் நம் நினைவுக்கு வருவதில்லை. இந்தியாவில் இது பழைய ஏற்பாடு. 1927-ல் எம்.ஆர். ஜெயகர் தலைமையில் அமைந்த குழு, பெட்ரோலுக்குக் கூடுதல் வரி விதித்து, அந்தப் பணத்தைச் சாலைகளுக்கென்றே ஒதுக்கிவைக்கச் சொன்னது. 1929-ல் மத்திய சாலை நிதி உருவானது. 2000-ல் அதற்குத் தனிச் சட்டமே வந்தது.

இதில் ஒரு நியாயம் இருந்தது. அதிகம் ஓட்டுகிறவர் அதிகம் பெட்ரோல் போடுவார், அதிகம் வரி கட்டுவார். கனமான வண்டி கூடுதலாக டீசல் குடிக்கும், அதுவும் கூடுதலாகக் கட்டும். அரசுக்கும் வசூல் சுலபம். கோடிக்கணக்கான வண்டிக்காரர்களிடம் கை நீட்ட வேண்டாம். எண்ணெய் நிறுவனங்களிடம் வாங்கிக்கொண்டால் போதும்.

இந்தக் கணக்கு இப்போது தவறத் தொடங்கியிருக்கிறது. எப்படி என்று பார்க்க அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துக்குப் போவோம். அந்த நாட்டில் முதன்முதலாக பெட்ரோலுக்குச் சாலை வரி போட்ட மாநிலம் அதுதான். ஆண்டு 1919, வரி காலனுக்கு ஒரு சென்ட். மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1956-ல் அமெரிக்க மத்திய அரசு நெடுஞ்சாலை நிதியம் ஒன்றை அமைத்து, எரிபொருள் வரியை அதில் சேர்த்தது. கடற்கரைக்குக் கடற்கரை ஓடும் பெருஞ்சாலைகள் எல்லாம் அந்தப் பணத்தில் எழுந்தவை.

1973-ல் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பங்க்குகளில் வரிசை நீண்டது. இனி கார்கள் குறைந்த பெட்ரோலில் அதிக தூரம் ஓடியே ஆக வேண்டும் என்று 1975-ல் சட்டம் போட்டார்கள். நாட்டுக்கு நல்லது, காற்றுக்கும் நல்லது. சாலை நிதிக்கு மட்டும் அடி. மைலேஜ் கூடக் கூட, அதே தூரத்துக்கு வரும் வரி குறைந்தது. போதாததற்கு, மத்திய வரி காலனுக்கு 18.4 சென்ட் என்று 1993-ல் நின்றது நின்றதுதான். தார், சிமெண்ட், கூலி எல்லாம் ஏறின, வரி ஏறவில்லை. 2008-ல் நிதியம் காலியாகும் நிலைக்கு வந்து, பொதுக் கருவூலத்திலிருந்து 800 கோடி டாலர் கொடுத்துக் காப்பாற்றினார்கள். 2021-ல் ஒரே சட்டத்தின் மூலம் 11,800 கோடி டாலர் தர வேண்டியிருந்தது. சாலையில் ஓட்டுகிறவர் கட்டுவது என்ற கொள்கை போய், வண்டியே இல்லாதவரும் சேர்ந்து கட்டுவது என்றாகிவிட்டது.

ஆரிகன் இதை முன்கூட்டியே யோசித்தது. 2001-லேயே ஒரு குழு அமைத்து, பல சோதனைகளுக்குப் பிறகு 2015 ஜூலையில் புதிய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. விருப்பமுள்ளவர்கள் காலனுக்குப் பதில் தூரத்துக்குக் கட்டலாம், மைலுக்கு 1.5 சென்ட். அப்போது அந்த மாநிலத்தின் பெட்ரோல் வரி காலனுக்கு 30 சென்ட். காலனுக்கு 20 மைல் ஓடும் பழைய கார் மைலுக்கு 1.5 சென்ட் வரி கட்டிக்கொண்டிருந்தது. 50 மைல் ஓடும் ஹைப்ரிட் கார் கட்டியது 0.6 சென்ட். மின்சாரக் கார் கட்டியது பூஜ்யம். மூன்றும் ஓடுவது ஒரே சாலையில்.

காரில் ஒரு சிறு கருவியைச் செருகினால் அது தூரத்தைக் கணக்கிட்டு அனுப்பும். நான் எங்கே போகிறேன் என்று அரசு வேவு பார்க்குமா என்று மக்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இருப்பிடத்தைப் பதிவு செய்யாத கருவியையும் தேர்ந்தெடுக்கலாம் என்று வைத்தார்கள். கணக்கு முடிந்த 30 நாட்களுக்குள் பயண விவரங்களை அழித்துவிட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள்.

நியூசிலாந்தில் கார்களுக்கு இந்தக் கருவிகூட இல்லாமல் இது நடக்கிறது. அங்கே டீசலுக்கு பங்க்கில் சாலை வரி கிடையாது. டிராக்டருக்கும் படகுக்கும் போகிற டீசலுக்கு எதற்குச் சாலை வரி என்று 1978-லேயே தூரக் கட்டணத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். டீசல் வண்டிக்காரர் ஆயிரம் கிலோமீட்டர் கணக்கில் முன்பணம் கட்டுகிறார். எந்த எண் வரை ஓடலாம் என்று அச்சிட்ட சிறு சீட்டு முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும். போலீஸ்காரர் ஓடோமீட்டரைப் பார்ப்பார், சீட்டைப் பார்ப்பார்; ஓடோமீட்டர் சீட்டைத் தாண்டியிருந்தால் அபராதம். லாரிகளுக்குச் சக்கரத்தின் நடுவிலேயே தூரம் காட்டும் மீட்டர் பொருத்தியிருக்கிறார்கள்.

மின்சாரக் கார்களுக்கு அங்கே இருந்த விலக்கு 2024 மார்ச் 31-ஆம் தேதியோடு முடிந்தது. இப்போது ஆயிரம் கிலோமீட்டருக்கு 76 நியூசிலாந்து டாலர். பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடும் பிளக்-இன் ஹைப்ரிட் பங்க்கிலும் வரி கட்டுவதால் அதற்கு 38 டாலர். ஆனால் ஓர் எச்சரிக்கை: மின்சாரக் கார் வாங்கக் கொடுத்த மானியத்தை 2023 டிசம்பரோடு நிறுத்தியிருந்தார்கள். மானியமும் விலக்கும் சில மாத இடைவெளியில் போனதும் மின்சாரக் கார் விற்பனை சரிந்தது. நல்ல காரியத்தையும் பதம் பார்த்துச் செய்ய வேண்டும்.

மின்சாரக் காருக்கு பேட்டரியால் எடை அதிகம், அதுதான் சாலையைக் கெடுக்கிறது என்றும் ஒரு பேச்சு உண்டு. 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில், லாரிகளை இரவு பகலாக ஓட்டிச் சாலை எப்படித் தேய்கிறது என்று சோதித்தார்கள். ஓர் அச்சின் மீது ஏறும் பாரம் இரண்டு மடங்கானால், சேதம் ஏறக்குறைய 16 மடங்காகிறது என்று கண்டார்கள். அந்தக் கணக்கில் பெட்ரோல் காரும் மின்சாரக் காரும் சாலைக்குத் தூசு. ஜல்லியைப் பெயர்ப்பது அளவுக்கு மேல் பாரம் ஏற்றிய லாரி. ஆகவே தூரத்தோடு அச்சின் பாரத்தையும் சேர்த்துத்தான் கட்டணம் போட வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் தயாராகும் மின்சார ஸ்கூட்டர்கள் நாடெங்கும் ஓடுகின்றன. மின்வாகனத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். தமிழ்நாடு அரசின் 2023 மின்வாகனக் கொள்கை, 2025 இறுதிவரை சாலை வரியில் முழு விலக்கு தந்தது. பெட்ரோலிலும் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள்; கலால் வரி கலவையில் உள்ள பெட்ரோலுக்குத்தானே தவிர எத்தனாலுக்குக் கிடையாது. ஒவ்வொன்றும் தனித்தனியே நல்ல முடிவுதான். புகை குறைகிறது, அந்நியச் செலாவணி மிஞ்சுகிறது, கரும்பு விவசாயிக்குக் காசு வருகிறது. இந்த மூன்று முடிவுகளும் சேரும்போது கருவூலத்தில் ஏற்படும் பள்ளத்தைத்தான் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

தேசிய நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடியும் ஃபாஸ்டேக்கும் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் நம் அன்றாட ஓட்டத்தில் பெரும்பகுதி தெருவிலும், ஊராட்சிச் சாலையிலும், மாவட்டச் சாலையிலும். அங்கே சாவடி வைக்கவும் முடியாது, வைக்கவும் கூடாது.

இதைச் சொல்வதால் மின்வாகனத்துக்கு எதிராகப் பேசுவதாக எண்ண வேண்டாம். புகைக்குத் தண்டனையாக எரிபொருள் வரி இருக்கட்டும். சாலைத் தேய்மானத்துக்கு மட்டும் தூரத்தையும் பாரத்தையும் வைத்துத் தனிக் கட்டணம் வரட்டும். ஸ்கூட்டருக்குப் பெயரளவுக்கு, காருக்குக் கொஞ்சம், கனரக லாரிக்கு உரிய அளவு. மின்சார வண்டிகள் குறைவாக இருக்கும்போதே சிறிய தொகையில் தொடங்கினால் யாருக்கும் வலிக்காது. எல்லோரும் மாறிய பிறகு ஒரே நாளில் விதித்தால் தெருவில் இறங்கிப் போராடுவார்கள். எந்த அரசும் பின்வாங்கிவிடும். வசூலாகும் பணம் சாலைக்கே போகிறது என்பதற்கு வெளிப்படையான கணக்கு வேண்டும் என்பது முதல் நிபந்தனை.

நேயர்களே, அடுத்த முறை சாலை வரி முழு விலக்கு என்ற விளம்பரத்தைப் பார்த்தால் மகிழ்ச்சியாக வண்டியை வாங்குங்கள். கூடவே, உங்கள் ஊராட்சிக் கூட்டத்திலும், ஓட்டுக் கேட்டு வருகிறவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: பெட்ரோல் வரி குறையும் நாளில் எங்கள் ஊர்ச் சாலைக்குப் பணம் எங்கிருந்து வரும்? அதற்கான பதிலை இன்றே கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.