முதலில் எக்ஸ் வையுங்கள்

போட்டித் தேர்வுப் பயிற்சி வகுப்புகளில் இப்போது ஷார்ட்கட்டுக்குத்தான் மவுசு. வயதுக் கணக்கா? கொடுத்திருக்கும் நான்கு விடைகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார், பொருந்துவதைக் குறி. விடை கொடுக்காத கணக்கு வந்ததும் பிள்ளைகள் விழிக்கிறார்கள்.

ஓர் எண்ணைப் போட்டுப் பார்ப்பது மட்டமான வேலை அல்ல, நேயர்களே. அதை ஒரு கலையாகவே செய்தவர் பாஸ்கராச்சாரியர். 1150-இல் அவர் எழுதிய லீலாவதி என்ற கணித நூலில் ஒரு தேனீக் கணக்கு வருகிறது. கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு கடம்பப் பூவுக்குப் போனது. மூன்றில் ஒரு பங்கு சிலீந்திரப் பூவுக்கு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் போல் மூன்று மடங்கு குடசப் பூவுக்கு. மிச்சம் ஒரே ஒரு தேனீ. மொத்தம் எத்தனை?

லீலாவதி காட்டும் வழி இஷ்டகர்மம். விருப்பப்பட்ட ஓர் எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஐந்தாலும் மூன்றாலும் மீதியில்லாமல் வகுபடும் 30-ஐ வைப்போம். கடம்பில் 6, சிலீந்திரத்தில் 10. வித்தியாசம் 4, அதன் மும்மடங்கு 12. ஆக 28 போய்விட்டது, மிச்சம் 2. கணக்கு கேட்பதோ 1. மிச்சம் பாதி என்றால் மொத்தமும் பாதி. விடை 15! வைத்த எண் தப்பு, ஆனால் எவ்வளவு தப்பு என்பதே சரியான விடையைச் சொல்லிவிட்டது. கி.மு. 1550 வாக்கில் ஆமஸ் என்ற எழுத்தர் படியெடுத்த எகிப்தியப் பாப்பிரஸ் சுவடியிலும் இதே வழிதான்.

எல்லாம் பங்காகவே வரும்வரை இது போதும். தனியாக ஓர் எண் வந்து கூடினால் போதாது. அப்பா வயது மகனைப் போல் மூன்று மடங்கு; 12 ஆண்டு கழித்து இரண்டு மடங்கு. இங்கே எக்ஸ் வைப்பதுதான் நேரான வழி.

மகன் எக்ஸ், அப்பா மூன்று எக்ஸ். 12 ஆண்டு கழித்து மகன் எக்ஸ் கூட்டல் 12. அதன் இரண்டு மடங்கு, இரண்டு எக்ஸ் கூட்டல் 24. கவனியுங்கள், 24! பல பிள்ளைகள் எக்ஸை மட்டும் இரட்டித்து 12-ஐ அப்படியே விட்டுவிடுகிறார்கள். அப்பா பக்கம் மூன்று எக்ஸ் கூட்டல் 12. இரண்டும் சமம் என்றால் எக்ஸ் 12. மகனுக்கு 12, அப்பாவுக்கு 36.

தெரியாததற்குப் பெயர் வைப்பது முதல் வேலை. வாக்கியத்தைச் சமன்பாடாக எழுதுவது இரண்டாவது வேலை. ஷார்ட்கட் இந்த இரண்டையும்தான் தாண்டிப் போகிறது.

வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், நோட்டில் விடையைப் பார்க்கும் முன் முதல் வரியைப் பாருங்கள். 'மகன் வயது எக்ஸ் என்க' என்று இருக்கிறதா? இல்லையென்றால், விடை சரியாகவே இருந்தாலும், மறுபடி போடச் சொல்லுங்கள்.