கூத்தாடியா, கூலிக்காரரா?



தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். தீபாவளிக்கு மறுநாள் மாலை. நடுவில் முறுக்குத் தட்டு, சுற்றிலும் குடும்பம். பக்கத்து வீட்டு அத்தைகூட வந்துவிட்டார். எல்லார் கண்ணும் தொலைக்காட்சியில். அன்றைய சிறப்பு நாடகத்தில் அந்த வீட்டு அம்மா நடித்திருக்கிறார். கல்யாண மண்டபக் காட்சி. "இதோ வருது, இதோ வருது" என்று மூத்த பெண் துள்ளுகிறாள். மணமகள் நடந்து வருகிறாள். அவளுக்குப் பின்னால், மூன்றாவது வரிசையில் ஒரு பச்சைப் புடவை தெரிகிறது. அதுதான் அம்மா. முகம் தெரிவதற்குள் காட்சி மாறிவிடுகிறது. "அவ்வளவுதானாம்மா?" என்று கேட்கிறான் சின்னவன்.

அந்தப் பச்சைப் புடவைக்குப் பின்னால் ஒரு முழு நாள் இருக்கிறது. கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் உள்ள அந்த ஊருக்கு ரயில் கிடையாது. காலை 7 மணிக்குத் தலைநகரில் இருக்க வேண்டுமென்றால் 4 மணிக்கே எழுந்து, பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்துவிட்டு, யாருடைய வண்டியிலாவது இடம் பிடித்துப் போகவேண்டும். தொழிற்சாலை வேலையில் கிடைத்த ஓய்வு நாளை அதற்காகக் கொடுக்கவேண்டும். திரும்பி வரும்போது நள்ளிரவு. திரையில் கிடைத்ததோ இரண்டு விநாடி.

இது ஒரு வீட்டின் கதை அன்று. பெயர்ப் பட்டியலில் பெயர் வராத எல்லாத் துணை நடிகர்களின் கதையும் இதுதான். சந்தையில் நடப்பவர், மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர், கோயில் வரிசையில் கைகூப்பி நிற்பவர், நேர்காணல் நிகழ்ச்சியில் சைகை காட்டியதும் கைதட்டுபவர் என எல்லாரும் இதில் அடக்கம். இவர்களை ‘எக்ஸ்ட்ரா’ என்று அழைப்பது வழக்கம். எக்ஸ்ட்ரா என்றால் மிகுதி, உபரி. உண்மையில் இவர்கள் உபரிதானா?

கிழக்கும் மேற்கும்

‘கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்’ என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். விடிய விடிய ஆடுகிற கூத்தாடி, பொழுது எப்போது விடியும் என்று கிழக்கைப் பார்க்கிறான். பகலெல்லாம் உழைக்கிற கூலிக்காரன், பொழுது எப்போது சாயும் என்று மேற்கைப் பார்க்கிறான். துணை நடிகரின் நிலையோ விசித்திரமானது. அவர் விடியுமுன் வந்து, பொழுது சாய்ந்த பிறகும் நிற்கிறார். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியவர் அவர்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. சம்பளம் கேட்கும் நேரத்தில் அவர் கலைஞர் ஆகிவிடுகிறார்: "கலை ஆர்வத்துல வந்தீங்க, காசை இப்படிக் கணக்குப் பார்க்கலாமா?" என்பார்கள். உட்கார நாற்காலி கேட்கும் நேரத்தில் அவர் கூலியாள் ஆகிவிடுகிறார்: "கூட்டம்தானே, அப்படி ஓரமா நில்லுங்க" என்பார்கள். கலைஞருக்குரிய மரியாதையும் இல்லை, தொழிலாளிக்குரிய கணக்கும் இல்லை. இன்று பேச வேண்டிய விஷயமே இதுதான்.

சும்மா நிற்பதா?

"சும்மா நிற்கிற வேலைதானே" என்று சொல்பவர்கள் ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும். ஒரு நிமிடக் காட்சியை ஒரே முறையில் எடுத்துவிட முடியாது. முதலில் தூரத்திலிருந்து எடுப்பார்கள். பிறகு அருகிலிருந்து. பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து. கதாநாயகி வசனத்தை மறந்தால் மறுபடியும் முதலிலிருந்து. ஒவ்வொரு முறையும் துணை நடிகர் அதே இடத்தில், அதே சொல்லுக்கு, அதே கையைத் தூக்க வேண்டும். முதல் முறை பாதித் தம்ளர் தண்ணீர் இருந்தால், பத்தாவது முறையும் பாதித் தம்ளர் இருக்க வேண்டும். இல்லையென்றால் படத்தொகுப்பில் ஒட்டாது.

விருந்துக் காட்சியில் பின்னால் பேசிக்கொண்டிருப்பவர்கள் உண்மையில் பேசுவதில்லை. வாயை மட்டும் அசைக்கிறார்கள். சத்தம் வந்தால் வசனம் கெட்டுவிடும். கூட்டத்தின் இரைச்சலைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். ஒலிப்பதிவுக்காக மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். பட்டுப் புடவையோடு, விளக்குச் சூட்டில், காற்றில்லாமல், சத்தமில்லாமல் சிரிக்க வேண்டும். வெள்ளை வேண்டாம், நெருங்கிய கோடு போட்ட சட்டை வேண்டாம், நிறுவனச் சின்னம் போட்ட பனியன் வேண்டாம் என்பார்கள். கேமராவைப் பார்க்கக் கூடாது. பார்க்காதே என்று சொன்ன பிறகு பார்க்காமல் இருப்பது எத்தனை கடினம் என்பது செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

இந்த உழைப்பின் மதிப்பைப் புரிந்துகொள்ள டில்லிக்குப் போக வேண்டும். ரிச்சர்ட் அட்டன்பரோவின் ‘காந்தி’ படத்துக்காக, மகாத்மாவின் இறுதி ஊர்வலக் காட்சியை 1981ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் எடுத்தார்கள். 3 லட்சத்துக்கும் அதிகமானோர் திரண்டார்கள். பெரும்பாலோர் ஊதியம் பெறாமல் வந்தவர்கள். மற்றவர்களுக்குச் சிறு தொகை. 11 ஒளிப்பதிவுக் குழுக்கள் ஒரே காலையில் படம் பிடித்தன. 1982இல் படம் வெளிவந்தபோது அந்தக் காட்சி திரையில் ஓடியது 125 விநாடிகள். ஆனால் அந்த 3 லட்சம் பேரை எடுத்துவிட்டால் அங்கே மிஞ்சுவது ஒரு வண்டியும் ஒரு சாலையும் மட்டுமே. தேசத்தின் துக்கத்தை நடித்துக் காட்டியது கூட்டம்தான்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 2015, 2016ஆம் ஆண்டுகளில் பிரிட்டனில் ஒளிபரப்பான ‘இண்டியன் சம்மர்ஸ்’ தொடரின் கதை நடப்பது சிம்லாவில். படம் பிடித்ததோ பினாங்கில். பினாங்கு மண்ணைச் சிம்லா ஆக்கியதில் உள்ளூர்த் துணை நடிகர்களின் முகங்களுக்கும் பங்குண்டு. 2007இல் வந்த ‘பில்லா’வும் 2016இல் வந்த ‘கபாலி’யும் இங்கே படமாகின. வானவில், ஆர்டிஎம் நாடகங்களில் வரும் கல்யாணமும் கருமாதியும் நம் அக்கம்பக்கத்தார் வந்து உட்காருவதால்தான் நடக்கின்றன.

ஆசைக்கு ஒரு விலை

இந்த வேலைக்குப் போகிறவர்கள் ஏன் போகிறார்கள்? சிலருக்குக் கைச்செலவுக்குப் பணம். சிலருக்கு, ஒரு நாளாவது வேறு ஓர் உலகத்தைப் பார்க்கும் ஆசை. இளையோர் சிலருக்கு, இங்கிருந்து மேலே போகலாம் என்ற கனவு. கனவு தவறில்லை. விஜய் சேதுபதி 2004இல் ‘எம். குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி’ படத்தில் கூட்டத்தில் ஒருவராக வந்தவர்தான். ஆனால் 2010இல் ‘தென்மேற்குப் பருவக்காற்று’ படத்தின் நாயகனாவதற்கு அவருக்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன. அவரோடு அன்று அந்தக் கூட்டத்தில் நின்ற மற்றவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

இந்தக் கனவை வைத்துத்தான் சிலர் பிழைப்பு நடத்துகிறார்கள். பதிவுக் கட்டணம், அடையாள அட்டைக் கட்டணம், படம் எடுக்கும் கட்டணம் என்று கையை நீட்டுவார்கள். இங்கே ஒரே ஒரு விதியை மனத்தில் வைத்தால் போதும். வேலை செய்கிறவர் பணம் வாங்க வேண்டும், கொடுக்கக் கூடாது. யாராவது முன்பணம் கேட்டால், அது வேலை அன்று, வியாபாரம். அந்த வியாபாரத்தில் சரக்கு நீங்கள்தான்.

கேட்டுவிட்டுப் போங்கள்

வேலை என்று ஒப்புக்கொண்டால், கேட்க வேண்டியதைக் கேட்பதில் வெட்கம் எதற்கு? எந்தத் தயாரிப்பு நிறுவனம், படப்பிடிப்பு எங்கே, எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடியும், சம்பளம் எவ்வளவு, அன்றே கிடைக்குமா, பிறகா, நேரம் கூடினால் என்ன கணக்கு, சாப்பாடும் போக்குவரத்தும் யார் பொறுப்பு என்பவற்றைக் கேளுங்கள். பதிலைக் கைப்பேசியில் எழுத்தாக வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போகும்.

சம்பளம் நியாயமா என்று பார்க்க ஓர் அளவுகோல் இருக்கிறது. 2025இல் நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. மணிக் கணக்கில் அது 8 வெள்ளி 72 சென். 14 மணி நேரம் நின்றால் 122 வெள்ளி 8 சென். நாள்கூலிக்கு நிற்பவரை அந்தச் சட்டம் அப்படியே கட்டுப்படுத்துமா என்பது வேறு கேள்வி. ஆனால் 50 வெள்ளி என்று யாராவது சொன்னால், அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

விபத்து நேர்ந்தால்? சுயதொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017இல் வந்தது. முதலில் டாக்சி ஓட்டுநர்களுக்கு. 2020 ஜனவரி முதல் கலைத்துறையினருக்கும் விரிவானது. அப்போது சொக்சோவின் தொடக்கத் திட்டத்துக்குச் சந்தா மாதம் 13 வெள்ளி 10 சென். ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு. அடிக்கடி இந்த வேலைக்குப் போகிறவர்கள் சொக்சோ அலுவலகத்தில் விசாரித்துப் பதிந்துகொள்வது நல்லது.

பெண்களும் பெற்றோரும் இன்னும் சிலவற்றைக் கேட்க வேண்டும். உடை மாற்றத் தனி அறை உண்டா? நள்ளிரவில் வீட்டுக்கு எப்படி வருவது? என்ன காட்சி? சாவு வீட்டுக் காட்சி என்று சொல்லாமலே வரவழைத்து, வந்த இடத்தில் பொட்டை அழியுங்கள், தாலியை உள்ளே மறையுங்கள் என்றால், நம் பெண்களுக்கு மனம் என்ன பாடுபடும்? நடிப்புத்தானே என்று சிலர் எளிதாக எடுத்துக்கொள்வார்கள், சிலரால் முடியாது. முன்கூட்டியே சொல்லிவிட்டால், முடிந்தவர் வருவார், முடியாதவர் மறுப்பார். பிள்ளைகள் விஷயத்தில் சட்டமே இருக்கிறது. 15 வயதுக்குக் குறைந்தவர்களைப் பொதுப் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளில் வேலைக்கு வைக்க உரிமம் வேண்டும் என்கிறது 1966ஆம் ஆண்டின் சிறுவர், இளையோர் வேலைச் சட்டம். உரிமம் இருக்கிறதா என்று கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு.

முகம் யாருடையது?

இன்னொரு புதிய கேள்வியும் வந்துவிட்டது. 2023இல் அமெரிக்க நடிகர் சங்கம் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தது. அதற்கான காரணங்களில் ஒன்று துணை நடிகர்களைப் பற்றியது. அவர்களது உடலையும் முகத்தையும் கணினியில் பதிந்துகொண்டு, ஒரு நாள் சம்பளம் கொடுத்துவிட்டு, அந்த உருவத்தைக் காலமெல்லாம் பயன்படுத்தத் தயாரிப்பாளர்கள் நினைக்கிறார்கள் என்று சங்கம் குற்றஞ்சாட்டியது. தயாரிப்பாளர் தரப்பு அதை மறுத்தது. முடிவில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில், அப்படிப் பதிவதற்கு நடிகரின் சம்மதம் வேண்டும் என்ற விதி இடம்பெற்றது. அங்கே சங்கம் பேசியது. நம் அம்மாவுக்காக யார் பேசுவார்கள்? எனவே கையெழுத்துப் போடும் தாளில், உங்கள் உருவத்தை எதற்கெல்லாம் பயன்படுத்துவார்கள் என்று என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்துப் பாருங்கள். புரியாவிட்டால் பிள்ளைகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

செலவில்லாத மரியாதை

தயாரிப்பாளர்களையும் குறை சொல்லிக்கொண்டே இருக்க முடியாது. தமிழ் நாடகங்களுக்குக் கிடைக்கும் பணம் குறைவு, சந்தை சிறியது. அது உண்மை. ஆனால் எல்லா மரியாதைக்கும் பணம் தேவையில்லை. "ஏ, பச்சைப் புடவை!" என்று கூப்பிடுவதற்குப் பதிலாக "அக்கா, உங்க பேர் என்ன?" என்று கேட்க ஒரு சென்கூடச் செலவாகாது. தாமதமானால் "இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும்" என்று சொல்லிவிடலாம். சாப்பாட்டைக் கடைசியில் மிஞ்சியது என்று கொடுக்காமல் எல்லாரோடும் கொடுக்கலாம். நாடகத்தின் முடிவில் ‘துணை நடிகர்களுக்கு நன்றி’ என்று ஒரு வரி போடலாம். முடிந்தால் அந்தப் பெயர்களையும் போடலாம். அந்தப் பெயரைப் பார்க்க ஓர் ஊரே காத்திருக்கும்.

பார்வையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நாடகம் பார்க்கும்போது, ஒரு காட்சியிலாவது கதாநாயகியை விட்டுவிட்டுப் பின்னால் நிற்பவர்களைப் பாருங்கள். வாயசைத்துச் சிரிக்கும் அந்தப் பெண்மணியையும் காலி தம்ளரைத் தூக்கிக் குடிக்கும் அந்தப் பெரியவரையும் பாருங்கள். அவர்கள் எந்த ஊரிலிருந்து, எத்தனை மணிக்குப் புறப்பட்டார்களோ.

தெலுக் பங்லிமா காராங் வீட்டுக்கே திரும்பி வருவோம். "அவ்வளவுதானாம்மா?" என்று கேட்ட பிள்ளைக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும் அல்லவா? "அவ்வளவுதாண்டா" என்று அம்மா தலைகுனிய வேண்டியதில்லை. "அன்னைக்கு நாங்க நாப்பது பேரும் போய் உட்காரலைன்னா, அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமே நடந்திருக்காதுடா" என்று சொல்லலாம். அதோடு, அன்றைய கூலியை முழுதாக, சொன்ன நாளில் வாங்கினேன் என்றும் அவர் சொல்ல முடிய வேண்டும். அப்போதுதான் அவர் கூத்தாடியாகவும் இருப்பார், கூலிக்காரராகவும் இருப்பார். இரண்டிலும் தலைநிமிர்ந்து இருப்பார்.