செம்பனைப் பூவின் விருந்தாளி

சாஆ வட்டாரத்துத் தோட்டங்களில் காலை வேளையில் நடந்தால் சில இடங்களில் சோம்பு வாசனை வீசும். செம்பனையின் ஆண் பூக்குலை மலர்ந்திருக்கிறது என்று பொருள். அண்ணாந்து பார்த்தால் கரிய சிறு பூச்சிகள் ஆயிரக்கணக்கில் மொய்த்துக் கொண்டிருக்கும். தேன்பூச்சி என்று பயந்து நம்மில் சிலர் ஒதுங்கிப் போகிறோம். பயம் வேண்டாம். அவை கூன்வண்டுகள், அரை அரிசி நீளம்தான் இருக்கும், கொட்டத் தெரியாது. ஆனால் தேனீயின் வேலையை அவைதான் இங்கே செய்கின்றன.

செம்பனையில் ஆண் குலையும் பெண் குலையும் ஒரே மரத்தில் வந்தாலும் வெவ்வேறு காலத்தில் மலர்கின்றன. ஆகவே மகரந்தம் மரம் விட்டு மரம் போயாக வேண்டும். தேனீ ஆண் பூவில் மகரந்தம் எடுக்கும். பெண் பூவை அதிகம் நாடாது. மேற்கு ஆப்பிரிக்காவில் இந்த மரத்தோடு கூடவே வாழும் வண்டு உண்டு. 1917-இல் சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் முதன்முதலாக வாணிபத்துக்கெனச் செம்பனை நட்டார்கள். (தோட்டத்தின் பெயர் என்னவோ தென்னமரம்!) மரம் வந்தது, வண்டு வரவில்லை. காற்றே போதும் என்று நெடுங்காலம் நம்பினார்கள்.

போதவில்லை. எனவே மனிதக் கைகள் அந்த வேலையைச் செய்தன. ஆண் பூவிலிருந்து மகரந்தத்தை உதிர்த்து, உலர்த்தி, சலித்து, டால்கம் மாவில் கலந்து பெண் பூவில் ஊதினார்கள். பெண் பூ இரண்டு மூன்று நாளே மகரந்தத்தை ஏற்கும். தவறினால் அந்தக் குலை வீண். ஆகையால் வாரத்தில் பல முறை அதே நிரைகளைச் சுற்றி வந்து, முள் மட்டைகளை விலக்கிப் பூவைத் தேட வேண்டும். எளிய வேலையா அது?

பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் கெமரூனுக்குச் சென்று ஆராய்ந்தார். நம் கேமரன் மலை அல்ல, ஆப்பிரிக்க நாடு. காற்றைவிட இந்த வண்டே மகரந்தத்தைச் சுமக்கிறது என்று கண்டார். வேறு பயிர்களைத் தின்னுமா என்று சோதித்த பிறகே, 1981 பிப்ரவரியில், நம் ஜொகூரில், குளுவாங் பக்கத்து மாமோர் தோட்டத்தில் வண்டை விட்டார்கள். அது வேகமாகப் பரவியது. குலைகள் கனத்தன. காய்கள் நெருக்கிப் பிடித்ததால் குலையிலிருந்து பிரித்தெடுப்பதே சிரமம் என்ற புதுக் குறையும் எழுந்தது!

ஊதுகுழல் பிடித்தவர்களுக்கோ அந்த வேலை இல்லாமற்போயிற்று. வண்டைப் புகழும் நாம் அவர்களை மறந்து பேசுவது நியாயமாகாது. இத்தனை ஆண்டுகள் காயைப் பிடிக்க வைத்தவர்கள் அவர்கள்தாம்.

வண்டுக்குப் பெண் பூவில் உணவு கிடையாது. அதுவும் மெல்லிய சோம்பு வாசனையை விடுவதால் ஏமாந்து நுழைகிறது. உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை அங்கே உதிர்த்துவிட்டுத் திரும்புகிறது. அதன் வீடு ஆண் பூவே. முட்டையிடுவதும் புழு வளர்வதும் அங்கேதான். இரண்டு மூன்று வாரத்தில் புது வண்டு வெளிவரும்.

சொந்தமாகச் சில ஏக்கர் வைத்திருப்போர், வாடிக் கறுத்த ஆண் குலையைக் குப்பையென்று வெட்டி எரிக்காதீர்கள். அடுத்த தலைமுறை வண்டுகள் அதற்குள்தான் இருக்கின்றன.