வேலி தாண்டும் கருத்துக்கள்



அறிவுத் துறைகளுக்கிடையே நாம் வேலி போட்டு வைத்திருக்கிறோம். பௌதிகவியல் ஒரு வளவு. சமூகவியல் மற்றொரு வளவு. இலக்கிய விமர்சனம் இன்னொன்று. ஆனால் கருத்துக்கள் வேலிக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. ஒரு துறையின் கருத்தை இன்னொரு துறை இரவல் பெறும்போது விளையும் நன்மை எது, கேடு எது என்பதை இரண்டு உதாரணங்கள் கொண்டு இன்று நோக்குவோம்.

முதலாவது, சார்ள்ஸ் டார்வின். 1798 இல் தோமஸ் மல்தஸ் என்ற ஆங்கிலேயர் குடித்தொகை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். உணவு பெருகும் வேகத்தை மனிதர் பெருகும் வேகம் மிஞ்சிவிடும் என்பது அவரது வாதம். அது மனித சமூகம் பற்றிய நூல். 1838 இல் அதனைப் படித்த டார்வின், அதே நெருக்கடி செடிகொடிகளுக்கும் விலங்குகளுக்கும் உண்டெனக் கண்டார். அல்பிரட் ரசல் வொலசும் மல்தஸை நினைவுகூர்ந்தே 1858 இல் அம்முடிவுக்கு வந்தார். இவ்வாறு இயற்கைத் தேர்வு என்னும் கொள்கை, பொருளியலிடம் பெற்ற இரவலின் துணையோடு உருப்பெற்றது.

ஆனால் டார்வினின் 'இனங்களின் தோற்றம்' 1859 இல்தான் வெளிவந்தது. இடைப்பட்ட இருபத்தொரு ஆண்டுகளில் அவர் புறா வளர்த்தார். பாறைகளிலும் கப்பல்களிலும் ஒட்டி வாழும் சிறு கடலுயிர்களை எட்டு ஆண்டுகள் ஆராய்ந்தார். இரவல் பெற்ற கருத்தைத் தமது துறையின் உரைகல்லில் உரைத்துப் பார்த்தார்.

பின்னர் நடந்தது வேறு. ஹேர்பர்ட் ஸ்பென்சர் 1864 இல் 'தக்கன பிழைத்தல்' எனும் தொடரை வழங்கினார். வறியவர் நலிவது இயற்கையின் விதி, அவர்களுக்கு அரசு உதவுவது அவ்விதிக்கு மாறு என வாதிப்போருக்கு அத்தொடர் கைகொடுத்தது. சமூகத்திலிருந்து போன கருத்து, விஞ்ஞானச் சட்டை அணிந்து சமூகத்துக்கே திரும்பி வந்தது. 1875 இல் எழுதிய கடிதமொன்றில் எங்கெல்ஸ் இதனை ஒரு செப்படி வித்தையாகவே காட்டினார். இம்முறை எவரும் புறா வளர்க்கவில்லை. விஞ்ஞானம் என்ற பெயருக்கிருந்த மரியாதையே அவர்களுக்குப் போதுமாயிருந்தது.

இரண்டாவது உதாரணம் இலக்கியத்துக்குரியது. பிரெஞ்சு உடலியலறிஞர் குளோட் பேர்னார்ட் 1865 இல் பரிசோதனை மருத்துவம் பற்றி ஒரு நூல் எழுதினார். நமது விமர்சகர்கள் இயற்பண்புவாதம் என வழங்கும் கோட்பாட்டின் முதல்வரான எமில் சோலா, 1880 இல் 'பரிசோதனை நாவல்' என்ற கட்டுரையில் அந்நூலையே அடியொற்றினார். மருத்துவர் என்ற சொல்லிருக்கும் இடத்தில் நாவலாசிரியர் என்று போட்டாலே பெரும்பாலும் போதும் என்றுகூடச் சொன்னார்.

போதுமா? ஆய்வுகூடத்தில் முயல் ஆய்வாளனின் எதிர்பார்ப்பைப் பொய்யாக்கலாம். நாவலிலே பாத்திரத்தின் முடிவை எழுதுபவர் ஆசிரியர். தோற்க முடியாத பரிசோதனை, பரிசோதனை ஆகுமா? கோட்பாடு என்ற அளவில் சோலாவின் இரவல் இங்கே நொண்டுகிறது.

எனினும், 1884 இல் வட பிரான்சின் அன்சான் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது சோலா நேரில் அங்கு சென்றார், அவர்களது குடியிருப்புகளைப் பார்த்தார், சுரங்கத்தினுள்ளும் இறங்கினார். 1885 இல் வெளியான 'ஜேர்மினல்' நாவலில் அந்த இருளும் ஈரமும் இருக்கின்றன. அவரது முன்முடிவுகளைத் திருத்தக்கூடிய உண்மை அச்சுரங்கத்தில் இருந்தது. விஞ்ஞானத்திடம் அவர் பெற்ற மெய்யான இரவல், சென்று பார்க்கும் அந்த ஒழுக்கமே எனலாம். பேர்னார்டின் சொற்களை விட அதுவே அவருக்குப் பயன்பட்டது.

நேயர்களே, இன்று விமர்சனக் கட்டுரைகளிலே கூர்ப்பு, சார்பியல், நிச்சயமின்மை போன்ற சொற்களை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். அவற்றைக் கண்டு மருளவும் வேண்டாம். வெறுத்து ஒதுக்கவும் வேண்டாம். ஒன்றை மட்டும் கேட்போம்: இந்தக் கருத்து வந்து சேர்ந்த இடத்தில் பிழைத்துப் போவதற்கு வழி உண்டா? டார்வினின் கருத்தைப் புறாக்கள் மறுத்திருக்கலாம். வறியவரின் நலிவை விதியாக்கியவர்களோ, எந்த வறியவரையும் சாட்சிக்கு அழைக்கவில்லை.