வேலை நிறுத்தினால் காலக் கணக்கு



1956இல் இதே டயகமவில், வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சூட்டில் ஆபிரகாம் சிங்கோ என்ற தொழிலாளி உயிரிழந்தார். அடுத்த வருடம், 1957இல், கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தைத் திருத்தித் தொழில் நியாய சபைகளைக் கொண்டுவந்தார்கள். வேலை நீக்கப்பட்ட ஒரு தனி ஆள்கூட, தானாகவோ சங்கத்தின் மூலமோ, வழக்கு வைக்க வழி பிறந்தது அப்போதுதான்.

நாம் என்ன செய்கிறோம்? "தொரை மனசு மாறுவாரு, அடுத்த மாசம் பேர் போடுவாங்க" என்று குந்தியிருக்கிறோம். தலைவரும் "பேசிக்கிட்டிருக்கோம்" என்பார். பேசட்டும், நல்லதுதான். ஆனால் வேலை நின்ற நாளிலிருந்து சட்டம் சொல்லும் காலத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும். நிறுத்தியது அநியாயம் என்று கண்டால், திரும்ப வேலைக்கு எடுக்கும்படியோ நட்டஈடு கொடுக்கும்படியோ சபை உத்தரவிடலாம்.

சம்பளப் பாக்கி வேறு விஷயம். அதற்குத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். 5 வருடம் முடித்தவர்களுக்குச் சேவைக்காலப் பணமும் உண்டு. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம்.

தயவுசெய்து சம்பளத் துண்டை அடுப்பில் போட்டுவிடாதீர்கள். செய்த வேலை நாள் அதில்தான் இருக்கிறது. "நாளைக்கு வராதே" என்று வாயால்தான் சொல்வார்கள். அன்றைய திகதியை, சொன்னவர் யார் என்பதையும் சேர்த்து, பிள்ளைகளின் கொப்பியிலாவது எழுதி வையுங்கள்.