ஒத்திகை ஒன்று, அரங்கேற்றம் வேறொன்று!

(தருமபுரியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது, தமிழ் பாடிய ஔவைக்கு ஈந்த அதியமானின் தகடூர் இது. புலமைக்கு முதற்பந்தி விரித்த மண். அதே மண்தான், 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், எழுத்தறிவில் தமிழ்நாட்டின் கடைசி மாவட்டமாக நின்றது. நூற்றுக்கு 68.5 பேர்! அறிவு வறண்டதாலா? இல்லை தோழர்களே, வானம் வறண்டதால், வயிறு காய்ந்ததால், பிழைப்புத் தேடிப் பெற்றோர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பெயர்ந்து சென்றதால்!

இத்தனையையும் தாண்டி, சித்தேரி மலையிலிருந்து ஒரு மகள், குடும்பத்திலேயே முதன்முதலாகப் பன்னிரண்டாம் வகுப்பில் தேறி வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை தட்டி வரவேற்க வேண்டாமா? டில்லி என்ன சொல்கிறது? "மதிப்பெண் பட்டியலை மடித்து வை, இன்னொரு தேர்வு எழுது" என்கிறது!

அதற்குப் பெயர் 'கியூட்' – பொதுப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்காக 2022-இல் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் வாசலில் நிற்கத் தகுதி தரும். உள்ளே அழைப்பது இந்தத் தேர்வுதான். நம் திருவாரூரில் 2009-இல் எழுந்த மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் இதுவே வழி.

"தமிழிலும் எழுதலாமே!" என்பார்கள். உண்மை, பதின்மூன்று மொழிகளில் எழுதலாம். ஆனால் பாடக் கேள்விகள் பிறக்கும் இடம் எது? என்.சி.இ.ஆர்.டி. பாடத்திட்டம். நம் மகள் படித்ததோ மாநிலப் பாடநூல். நாடகக்காரனாகிய எனக்கு இது நன்றாகப் புரிகிறது: ஓராண்டு முழுவதும் ஒரு நாடகத்துக்கு ஒத்திகை, திரை விலகியதும் வேறொரு நாடகத்தின் வசனத்தைக் கேட்கிறார்கள்! தடுமாறினால், "நடிக்கத் தெரியாதவள்" என்று தீர்ப்பு! அந்த இன்னொரு வசனத்தை விற்பவர் யார்? பயிற்சி நிலையத்தார். வாங்கக் கூடியவர் யார்? நம் கேழ்வரகுக் காட்டுக்காரரா?

எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்போம். வாரியத்துக்கு வாரியம் மதிப்பெண் வழங்கும் முறை மாறுகிறது. 2021-இல் டில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் சிலவற்றில் சில படிப்புகளுக்கு நூற்றுக்கு நூறு கேட்டார்கள். எனவே பொதுவான அளவுகோல் வேண்டும் என்கிறார்கள். நோய் உண்மை, மறுக்கவில்லை. மருந்து இதுதானா? 1984 முதல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு நடத்திப் பார்த்த மாநிலம் இது. நடத்திப் பார்த்தபின், 2006-இல் சட்டம் இயற்றி அதை ஒழித்தது. வெவ்வேறு வாரியங்களின் மதிப்பெண்களைச் சமன்செய்யும் முறையையும் அச்சட்டத்திலேயே வகுத்தது. மருத்துவத்தை 'நீட்' பறித்துக்கொண்ட பின்னரும், பொறியியல் சேர்க்கை அந்த வழியிலேயே நடந்து வந்திருக்கிறது. பாலமா இடிந்து விழுந்தது? அணையா உடைந்தது?

கடல்கடந்த செய்தி ஒன்று. அமெரிக்காவின் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்கள் பல, 'சாட்' பாடத் தேர்வுகளைப் பல்லாண்டுகள் கேட்டுவந்தன. அவற்றை நடத்திய நிறுவனமே 2021-இல் நிறுத்திவிட்டது. பள்ளிக்குள்ளேயே உயர்நிலைப் பாடங்களும் அவற்றுக்கான தேர்வுகளும் பரவிவிட்டன. தனியே இன்னொன்று வேண்டாம், மாணவர் சுமை குறையட்டும் என்றது. அங்கே கழற்றி வைத்த மறு ஆண்டே, இங்கே அத்தகைய சுமையொன்றை நம் பிள்ளைகளின் தோளில் ஏற்றினார்கள்!

2022 ஏப்ரல் 11-இல், இத்தேர்வு வேண்டாமென நம் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் நம் குரல். குரல் ஓயக் கூடாது. ஆயினும் தோழர்களே, ஒன்றைக் கேட்கிறேன். சட்டம் மாறும்வரை அந்த மலைமகள் காத்திருக்க முடியுமா? பதினேழு வயது இரண்டு முறை வருமா? "எதிர்க்கிறோம், ஆகையால் எழுதாதே" என்று நாம் சொன்னால், காலியாகும் நாற்காலியில் வேறெவரோ அமர்வார். டில்லிக்கு ஒரு நட்டமும் இல்லை!

கல்லூரிப் படிக்கட்டில் பாதியில் இறங்கியவன் நான். மீதிப் பாடத்தை எனக்குப் புகட்டியவை நம் இயக்கத்தின் படிப்பகங்கள். ஆகவே சொல்கிறேன். அரூரிலும் பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் நம் படிப்பகக் கதவுகள் மாலைதோறும் திறக்கட்டும். நாளேட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பாடநூல்களும் இருக்கட்டும். அவை பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் கிடைப்பவை. பட்டம் பெற்ற தோழர்கள் தமிழில் விளக்கட்டும். விண்ணப்பம் இணையத்தில், தேர்வு கணினியில். சுட்டியைத் தொட்டறியாத பிள்ளைக்கு ஒரு கணினியைத் தேடிக் கொடுங்கள். கடைசி நாள் கடந்தபின் கண்ணீர் துடைப்பதைவிட, கடைசி நாளுக்கு முன் கதவைத் தட்டுவது மேல்.

மேடையில் எதிர்ப்போம்; மன்றத்தில் எதிர்ப்போம்; நீதியின் வாசலிலும் எதிர்ப்போம். அதுவரை, அவர்கள் வைக்கும் தேர்விலும் நம் பிள்ளைகள் தேறட்டும். தேறியவர்கள் திரும்பி வந்து சொல்லட்டும்: "நாங்கள் வென்றோம், ஆனாலும் இந்தத் தேர்வு நேர்மையற்றது" என்று. அந்தச் சொல்லை, தோற்றவனின் புலம்பல் என்று எவராலும் தள்ளிவிட முடியாது!

புறப்படுங்கள் தோழர்களே. உங்கள் ஊரில், இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் பிள்ளைகள் எத்தனை பேர்? நாளை மாலைக்குள் பட்டியல் எழுதுங்கள்!