கல்லைப் பார்க்காத ராடார்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



1944-ல் லண்டன் மீது ஜெர்மனியின் வி-2 ராக்கெட்டுகள் விழுந்தபோது, அவற்றைக் கண்டறிய பிரிட்டிஷ் ராணுவம் ராடார்களை வானை நோக்கித் திருப்பியது. எதிரொலி வரும்; ராக்கெட் வராது! போருக்குப் பின் ஜே.எஸ். ஹே குழுவினர் ஆராய்ந்து, அவை எரிநட்சத்திரங்களின் எதிரொலி என்று காட்டினார்கள். 1947-ல் ஜோட்ரல் பாங்க்கில் லவெல் குழுவினர், பட்டப்பகலில் பொழியும் எரிகல் மழைகளையே கண்டுபிடித்துவிட்டார்கள். வெறுங்கண்ணால் முடிகிற காரியமா?

சரி, நூறு கிலோமீட்டர் உயரத்தில் போகும் மணல் பருக்கை ராடாருக்கு எப்படித் தெரியும்னு கேட்பீங்க. தெரியாதுங்க! ஆகஸ்டில் வரும் பெர்சீட் துகளின் வேகம் நொடிக்கு 59 கி.மீ. சென்னையிலிருந்து ஒரே நொடியில் செங்கல்பட்டு! அந்த வேகத்தில் காற்றில் மோதித் துகள் ஆவியாகிறது. ஆவியான அணுக்கள் காற்று மூலக்கூறுகளோடு மோதி எலக்ட்ரான்களை இழக்கின்றன. இந்தப் பிளாஸ்மாதான் ரேடியோ அலையைத் திருப்பி அனுப்புகிறது. கல்லைச் சுற்றி அதோடு ஓடும் பிளாஸ்மா ஒன்று, பின்னால் நீளும் வால் இன்னொன்று. வால் காற்றோடு நகர்வதால் அந்த உயரத்துக் காற்றின் வேகத்தையும் அளந்துவிடலாம். கல்லோடு ஓடுகிற பிளாஸ்மாவின் எதிரொலி மிகச் சன்னம். அதற்குப் பெரிய ராடார் வேண்டும். பெருவில் லிமா அருகே ஹிகமார்க்கா நிலையத்தில் 18,432 டைபோல் ஆண்டெனாக்கள்! நமக்குப் பக்கத்தில், திருப்பதி அருகே காதங்கியில் 1,024 யாகி ஆண்டெனாக்களோடு 53 மெகாஹெர்ட்ஸ் ராடார் இருக்கிறது. மலைக்குப் போகிற நம்மவர்களில் எத்தனை பேர் எட்டிப் பார்த்திருப்போம்?

சிக்கல் எங்கே என்றால், எதிரொலியிலிருந்து கல்லின் எடையைக் கணக்கிடுவதில். வேகம் இரண்டு மடங்கானால் எலக்ட்ரான்கள் சுமார் பத்து மடங்கு ஆகும். ஆக, வேகமான துகள் சின்னதானாலும் சத்தம் போடும். மெதுவாக வரும் தூசி ராடாருக்குச் சிக்காமலே போய்விடும். பூமியில் தினமும் விழும் விண்தூசி 5 டன் என்பாரும் உண்டு, 300 டன் என்பாரும் உண்டு. இவ்வளவு இடைவெளி வைத்துக்கொண்டு டிசைன் செய்யச் சொன்னால் நம்மில் யார் கையெழுத்துப் போடுவோம்? ஆனால் செயற்கைக்கோள் செய்பவர்கள் போட்டாக வேண்டியிருக்கிறது. 1993 ஆகஸ்டில் பெர்சீட் மழையின்போது ஐரோப்பாவின் ஒலிம்பஸ் செயற்கைக்கோள் கட்டுப்பாட்டை இழந்தது. துகள் மோதிக் கிளம்பிய பிளாஸ்மா மின்சுற்றைக் கெடுத்திருக்கலாம் என்ற சந்தேகம் இன்றும் உண்டு. ஓட்டை விழுவதைவிட இதுதான் எனக்குப் பெரிய பயம்.

எலெக்ட்ரானிக்ஸ் மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இதற்கு ராடாரே வேண்டாம். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு எஃப்.எம். நிலையத்தின் அலைவரிசை இங்கே காலியாக இருந்தால், டிசம்பர் 13, 14 தேதிகளில் விடியற்காலை ரிசீவரை அதில் வைத்துக் காத்திருங்கள். எரிகல்லின் வாலில் பட்டு அந்த நிலையம் ஓரிரு நொடி கேட்டு மறையும். மணிக்கு எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். இறுதியாண்டு பிராஜெக்டுக்குத் தாராளமாகப் போதும். சந்தேகம் இருந்தால் எனக்கு எழுதுங்கள், பதில் போடுகிறேன்.